கால் பங்குக்கு எட்டு லட்சம் வெள்ளி (ரிங்கிட்) தருகிறார்கள். வாங்கலாமா, கைப்பணத்திலேயே ஓட்டலாமா?

குளிர்ப்பெட்டி (பட்டர்வொர்த்) | திங்கள், இரவு 11.52

வணக்கம். நெடுநாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன். எழுதுவது இதுவே முதல் தடவை. நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பினாங்கின் பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் பொறியாளராக இருந்தேன். போன ஆண்டு வேலையை விட்டுவிட்டு, உணவகங்களின் உறைபெட்டிக்குள் பொருத்தும் சிறு கருவி ஒன்றைச் செய்துவருகிறேன். உள்ளே சூடு ஏறினால் முதலாளியின் கைப்பேசிக்கு உடனே செய்தி போகும். இந்த யோசனையே என் மாமா கடையில் பிறந்ததுதான். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு இரவில் ஃபியூஸ் போய், 60 கிலோ ஆட்டிறைச்சி வீணானது. விடியற்காலை மூடியைத் திறந்தபோது வந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 58 கடைகளில் 83 கருவிகள் ஓடுகின்றன. பொருத்துவதற்குக் காசு வாங்குவதில்லை. கருவிக்கு மாதம் 90 வெள்ளி வாடகை. அடக்கவிலை 420. சிம் அட்டையும் சர்வரும் மாதம் 12. பொருத்திக் கொடுக்கும் தம்பிக்கு 1,800. எனக்கு 2,000 எடுத்துக்கொள்கிறேன். மனைவி ஆசிரியை, வீடு அவர் சம்பளத்தில்தான் ஓடுகிறது. பெட்ரோல், டோல், சில்லறை எல்லாம் சேர்ந்து 900. சேமிப்பில் 1,10,000 வெள்ளி போட்டேன். மிச்சம் 19,000. மாதக் கடைசியில் மிஞ்சும் பணத்தில் நான்கு கருவிதான் செய்ய முடிகிறது. கேட்டுக் காத்திருப்பதோ 70 கருவிகள். அதில் 40, கோலாலம்பூரில் 11 கிளைகள் வைத்திருக்கும் ஓர் உணவகக் குழுமத்துக்கு. அவர்கள் 60 நாள் தவணை கேட்கிறார்கள்.

இந்த நேரத்தில் சிங்கப்பூர் முதலீட்டு நிறுவனம் ஒன்று 25 விழுக்காட்டுப் பங்குக்கு 8 லட்சம் ரிங்கிட் தருவதாகச் சொல்கிறது. முன்னுரிமைப் பங்கு, இயக்குநர் குழுவில் ஓரிடம், பின்னாளில் தாய் நிறுவனத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றுவது ஆகியவை நிபந்தனைகள். மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பா தோட்டத்தில் வளர்ந்தவர். "பிறத்தியார் பணம் வீட்டுக்குள் வந்தால் பிறத்தியாரும் வருவார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

செந்தூல் சேவல் | செவ்வாய், அதிகாலை 12.10

எட்டு லட்சமா! கேள்வி கேட்காமல் வாங்குங்கள். முதலில் எனக்கு ஒரு தே தாரிக்.

இரண்டாம் சுற்று (சைபர்ஜெயா) | செவ்வாய், காலை 8.35

சேவல் விளையாட்டாகச் சொன்னதை நான் நிஜமாகவே சொல்கிறேன். வாங்குங்கள்.

உங்கள் கருவியில் காப்புரிமைக்கு உரிய எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. வெப்ப உணரி, சிம், ஒரு பெட்டி, அவ்வளவுதான். சீனாவின் ஷென்சென்னில் மொத்தமாக வாங்கும் எவனும் ஆறே மாதத்தில் உங்களுக்குப் பக்கத்துக் கடையில் பாதி விலைக்குப் பொருத்திவிடுவான். கடைக்காரர் சுவரில் முதலில் ஏறியவருக்குத்தான் மதிப்பு. மாதம் நான்கு கருவி என்றால், காத்திருக்கும் எழுபதையும் முடிக்க ஒன்றரை ஆண்டு ஆகும். அதுவரை அவர்கள் காத்திருப்பார்களா?

2012இல் இங்கே மைடெக்சி என்று தொடங்கிய கிராப்பைப் பாருங்கள். சொந்தச் சேமிப்பில் ஓட்டியிருந்தால் இன்றைக்கு அது கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு டாக்சிச் சங்கமாக இருந்திருக்கும். 2014இல் தலைமையகம் சிங்கப்பூருக்குப் போனது, 2021 டிசம்பரில் அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக்கில் ஏறியது. தாய் நிறுவனத்தை மாற்றச் சொல்வதும் அபூர்வமான நிபந்தனை அல்ல; அதைக் கேட்டதற்காகவே பயப்பட வேண்டாம்.

தண்ணீர்மலையான் (பினாங்கு) | செவ்வாய், காலை 10.20

தம்பி, கிராப் பந்தயம் வேறு, உங்கள் பந்தயம் வேறு. அங்கே ஓட்டுநர் சேரச் சேரப் பயணி வருவார், பயணி வர வர ஓட்டுநர் சேர்வார். முதலில் ஊரைப் பிடித்தவருக்கே ஊர். உறைபெட்டிக்கு அந்த விதி கிடையாது. ஈப்போவில் ஒருவர் கருவி வைப்பதால் பிறையில் இருப்பவருக்கு எந்த இலாபமும் இல்லை.

தமிழ்நாட்டுக்காரர்கள் இரண்டு பேரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீதர் வேம்பு 1996இல் தொடங்கிய நிறுவனம் இன்றைய ஸோஹோ. வெளி முதலீடு வாங்கவே இல்லை. ஆனால் "சொந்தப் பணம்" என்றால் சேமிப்பைக் கரைத்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தொலைத்தொடர்புக் கருவி செய்யும் நிறுவனங்களுக்கு வலையமைப்பு மென்பொருள் விற்றார்கள். அந்த வரும்படியில்தான் அடுத்த பொருள்கள் பிறந்தன. அங்கே வேலை பார்த்த கிரீஷ் மாத்ருபூதம் 2010இல் வெளியே வந்து ஃபிரெஷ்டெஸ்க் தொடங்கினார். மறு ஆண்டே முதலீடு வாங்கினார். 2021 செப்டம்பரில் அது ஃபிரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் நாஸ்டாக்கில் ஏறியது. அதே சென்னை, அதே மாதிரிப் பொருள், வழி மட்டும் இரண்டு. இரண்டும் பிழைத்தன. ஆகவே "எது சரி" என்று கேட்டு விடை கிடைக்காது.

இன்னொன்று. என் தாத்தா லெபோ பினாங்கில் ஒரு செட்டியார் கிட்டங்கியில், அதாவது வட்டிக்கடையில், பெட்டியடிப் பையனாக இருந்தவர். பணம் போட்ட முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். இங்கே கடை நடத்துபவர் ஏஜெண்டு. மூன்று ஆண்டுத் தவணை. தவணை முடிந்ததும் பேரேட்டை ஒப்படைத்து, இலாபத்தில் தன் வீதத்தை வாங்கிக்கொண்டு கப்பல் ஏறிவிட வேண்டும். அடுத்த ஏஜெண்டு வந்து அதே மேசைப்பெட்டியின் முன் உட்காருவார். கடை எவ்வளவு வளர்ந்தாலும் அது ஏஜெண்டின் கடை ஆகாது. பங்கைக் கொடுப்பதற்கு முன் நீங்கள் முதலாளியாக இருக்கப் போகிறீர்களா, ஏஜெண்டாகவா என்று யோசியுங்கள். ஏஜெண்டாக இருப்பது கேவலம் இல்லை, பலர் நன்றாகச் சம்பாதித்தார்கள். ஆனால் தெரிந்து இருக்க வேண்டும்.

கணக்கர் (கிள்ளான்) | செவ்வாய், மதியம் 1.15

தத்துவத்தை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் தாளைப் பார்க்கிறேன்.

25 விழுக்காட்டுக்கு 8 லட்சம் என்றால், பணம் வந்த பிறகு நிறுவன மதிப்பு 32 லட்சம். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "முன்னுரிமைப் பங்கு" என்ற சொல்லில்தான் விஷயம் ஒளிந்திருக்கிறது. நிறுவனத்தை 20 லட்சத்துக்கு விற்க நேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். சில ஒப்பந்தங்களில் அவர்கள் முதலில் போட்ட 8 லட்சத்தை எடுத்துக்கொண்டு, மீதி 12 லட்சத்திலும் கால் பங்கு கேட்பார்கள். அவர்களுக்கு 11 லட்சம், 75 விழுக்காடு வைத்திருக்கும் உங்களுக்கு 9 லட்சம். வேறு சில ஒப்பந்தங்களில் 8 லட்சமா, கால் பங்கா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். அப்போது உங்களுக்கு 12 லட்சம். ஒரு வரி மாறுவதில் 3 லட்சம் வித்தியாசம். உங்கள் தாளில் எது என்று பாருங்கள்.

அடுத்தது வரி. இங்கே சிறு நடுத்தர நிறுவனத்துக்கு முதல் 1,50,000 ரிங்கிட் வருமானத்துக்கு 15 விழுக்காடு, 6 லட்சம் வரை 17, அதற்கு மேல் 24. 2024 வரியாண்டு முதல், சாதாரணப் பங்கு மூலதனத்தில் 20 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டு நிறுவனமோ வெளிநாட்டவரோ வைத்திருந்தால் இந்தச் சலுகை கிடையாது. முதல் வெள்ளியிலிருந்தே 24. வரிக்குரிய வருமானம் 6 லட்சம் என்றால் சலுகையோடு 99,000 கட்டுவீர்கள், இல்லாமல் 1,44,000. முன்னுரிமைப் பங்கு சாதாரணப் பங்காக மாறும் நாளில் 25 விழுக்காடு அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். சாதாரணப் பங்கு மூலதனம் 25 லட்சத்தைத் தாண்டினாலும் சலுகை போய்விடும். 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்துக்குப் பிறகு பங்குக்கு முகமதிப்பு இல்லை. வந்த பணம் முழுவதும் மூலதனக் கணக்கில்தான் ஏறும். அடுத்தடுத்த சுற்றுகளில் இது நினைவில் இருக்கட்டும்.

இரண்டாம் சுற்று | செவ்வாய், மதியம் 1.40

ஐயா, கணக்கு சரி, கவலைதான் தப்பு. முதலீடு வாங்கி வேகமாக வளர்கிற நிறுவனம் முதல் சில ஆண்டுகள் இலாபமே காட்டாது. இல்லாத இலாபத்துக்கு 15 என்ன, 24 என்ன?

கணக்கர் | செவ்வாய், மதியம் 1.58

இலாபமே வராது என்பதை ஆறுதலாகச் சொல்கிற ஒரே தொழில் உங்களுடையதுதான்.

செந்தூல் சேவல் | செவ்வாய், மாலை 6.05

வெளிநாட்டான் எதற்கு? வாட்ஸ்அப் குழுவில் நூறு பேரிடம் ஆளுக்கு 5,000 வாங்கினால் ஐந்து லட்சம் ஆயிற்று. இல்லாவிட்டால் ஒரு கூட்டு (சீட்டு) பிடித்து முதல் சீட்டை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தோட்டத் தொழிலாளர்களின் சிறுபணத்தைச் சேர்த்துத்தானே தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டங்களை வாங்கினார்?

கணக்கர் | செவ்வாய், மாலை 6.30

சேவல், அது பதிவு பெற்ற கூட்டுறவுச் சங்கம். நீங்கள் சொல்லும் இரண்டும் சட்ட விரோதம். செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் நிறுவனத்தில் ஊழியர் அல்லாத பங்குதாரர் 50 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, பொதுமக்களிடம் பங்கு விற்கவும் கூடாது. கூட்டு நடத்துவதற்கு 1971 முதல் தனித் தடைச் சட்டமே இருக்கிறது. பலரிடம் சிறுகச் சிறுக வாங்க ஆசை இருந்தால், பங்குப் பத்திர ஆணையத்தில் பதிவு பெற்ற கூட்டுநிதித் தளங்கள் இருக்கின்றன. அங்கேயும் சாதாரண முதலீட்டாளர் ஒருவர் ஒரு நிறுவனத்தில் 5,000 ரிங்கிட் வரைதான் போடலாம்.

செந்தூல் சேவல் | செவ்வாய், மாலை 6.33

அந்த 5,000 மட்டும் எனக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது பாருங்கள்.

பங்சார்வாசி | செவ்வாய், இரவு 10.48

நான் வாங்கியவன். அதனால் கொஞ்சம் எழுதுகிறேன்.

எங்கள் முதலீட்டாளர்கள் கெட்டவர்கள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரிக் கதைகளில் எப்போதும் ஒரு வில்லன் வந்துவிடுகிறான். பணம் வந்த முதல் ஆண்டு சொர்க்கம். ஆள் எடுத்தோம், கோலாலம்பூர் நடுவில் அலுவலகம் எடுத்தோம், நானே சாலிடரிங் செய்வதை நிறுத்தினேன். ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் "முன் அனுமதி தேவைப்படும் செயல்கள்" என்று ஒரு பட்டியல் இருந்தது. 31 வரிகள். கையெழுத்துப் போட்ட அன்று அதை ஒரு காப்பி குடிக்கும் நேரத்தில் படித்து முடித்தேன். பிறகுதான் தெரிந்தது: என் சம்பளத்தை 500 வெள்ளி ஏற்றவும், ஒரு வேனைத் தவணைக்கு எடுக்கவும், பொருளின் விலையை மாற்றவும் மின்னஞ்சல் எழுதிக் காத்திருக்க வேண்டும் என்று. யாரும் மறுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் அனுமதி வந்தது. பதினொரு நாள் கழித்து வந்தது.

எங்களை முடித்தது அது இல்லை. முதலீட்டு நிதிக்கும் ஆயுள் உண்டு. பெரும்பாலும் பத்து ஆண்டு என்று வகுத்திருப்பார்கள். அவர்களும் வேறு யாரிடமோ வாங்கிய பணத்தைத்தான் போடுகிறார்கள். பத்தாண்டுக்குள் விற்று, திருப்பிக் கொடுத்தாக வேண்டும். எங்களிடம் பணம் போட்டபோது அந்த நிதிக்கு ஆறு வயது. நாங்கள் கேட்கவில்லை. நான்காம் ஆண்டில், வியாபாரம் மெல்ல நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, "வாங்க ஒருவர் இருக்கிறார், விற்றுவிடலாம்" என்றார்கள். அவர்கள் விற்றால் நாங்களும் கூடவே விற்க வேண்டும் என்ற பிரிவு ஒப்பந்தத்தில் இருந்தது. விற்றோம். என் கைக்கு வந்தது, வேலையிலேயே இருந்திருந்தால் வாங்கியிருக்கும் சம்பளத்தைவிடக் குறைவு.

குளிர்ப்பெட்டி, மூன்றே கேள்வி கேளுங்கள். அந்த நிதி தொடங்கி எத்தனை ஆண்டு ஆகிறது? முன்னுரிமை எந்த வகை? 20 விழுக்காட்டுக்குள் நிற்பார்களா? இடையில் அரசு அமைப்பான கிரேடிலின் சிஐபி ஸ்பார்க் மானியத்தையும் பாருங்கள். 1,50,000 ரிங்கிட் வரை, பங்கு கேட்க மாட்டார்கள். கட்டம் கட்டமாகத்தான் வரும், அறிக்கை எழுதிக் கை வலிக்கும்.

ரவாங் மசாலை | புதன், காலை 5.50

தம்பி, எனக்கு நாஸ்டாக் தெரியாது. மிளகாய்த்தூள் தெரியும்.

பதினான்கு ஆண்டாக அரைக்கிறேன். தொடக்கத்தில் என் வளையல்கள் அர்-ரஹ்னு அடகுக்கடையில் இருந்தன. பிறகு அரசு அமைப்பான தெக்குனின் ஸ்பூமி கடன், இந்தியத் தொழில்முனைவோருக்கென்று கொடுப்பது. ஒரு தவணை தவறவில்லை. நான் ஏறக்குறைய மூழ்கியது வியாபாரம் இல்லாத காலத்தில் இல்லை, வியாபாரம் பெருத்தபோதுதான். ஒரு பெரிய பேரங்காடி 90 நாள் தவணையில் எடுத்தது. மூட்டை மூட்டையாகப் போனது. கையில் ஒரு காசு இல்லை. மல்லி வாங்கப் பணம் இல்லாமல் அரவை நின்றபோது, வெளியே எனக்கு வர வேண்டியது 46,000. அந்த மாதம் வட்டி முதலைகளிடம் போயிருப்பேன், என் அண்ணன் தடுத்தார்.

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். உங்களுக்குப் பணம் இல்லை என்று எனக்குத் தோன்றவில்லை. 83 கருவி, தலைக்கு 420. ஏறக்குறைய 35,000 வெள்ளி கடைக்காரர்களின் சமையலறையில் தொங்குகிறது. மாதம் 90, 90ஆக அது திரும்பி வருவதற்குள் நீங்கள் அடுத்த கருவிக்கு 420 தேடுகிறீர்கள். இந்தப் பள்ளத்தை நிரப்பக் கால் பங்கா? கல்யாணச் சமையலுக்கு மசாலை கேட்டால் நான் பாதி முன்பணம் வாங்காமல் வறுக்கவே மாட்டேன். நீங்கள் ஏன் யாரிடமும் கேட்கவில்லை? கூச்சமா?

குளிர்ப்பெட்டி | புதன், இரவு 9.14

அக்கா, கூச்சம்தான். வேறென்ன சொல்ல.

இலவசமாகப் பொருத்துகிறோம் என்றுதான் எல்லாரிடமும் உள்ளே போனேன். இனி எப்படி மாற்றுவது? இருந்தாலும் கேட்டுப் பார்க்கிறேன். பங்சார்வாசி அண்ணா சொன்ன மூன்று கேள்விகளையும் இன்று அனுப்பிவிட்டேன்.

இரண்டாம் சுற்று | புதன், இரவு 9.50

முன்பணம் கேட்பது நல்ல யோசனை, மறுக்கவில்லை. ஆனால் அது இந்த எழுபதுக்குத்தான் போதும். எழுநூறுக்கு?

குளிர்ப்பெட்டி | அடுத்த வாரம் வெள்ளி, இரவு 11.30

நடந்ததை எழுதுகிறேன்.

ஒன்பது நாளில் 58 கடைக்கும் போனேன். ஓராண்டு வாடகையை முன்கூட்டிக் கொடுத்தால் 1,080க்குப் பதில் 900 என்று சொன்னேன். 17 கடைகள் ஒப்புக்கொண்டன, 26 கருவிகள், 23,400 வெள்ளி. ஒருவர் எண்ணெய்க் கையோடு கல்லாவைத் திறந்து அப்போதே ரொக்கமாக எண்ணிக் கொடுத்தார். புக்கிட் மெர்தாஜாமில் ஒரு பெரியவர், "நீ நாளைக்குக் கடையை மூடிவிட்டால் இந்தப் பெட்டியை நான் எங்கே கொண்டுபோய்த் தேய்ப்பது?" என்று கேட்டார். பதில் இல்லை. என் மாமா மட்டும் மாதாமாதமே தருகிறேன் என்றார்!

கோலாலம்பூர்க் குழுமம் தவணையை விடவில்லை. ஆனால் கருவிக்கு 200 வைப்புத்தொகை தரச் சம்மதித்தது. 40 கருவிக்கு 8,000. மொத்தம் 31,400. எழுபது கருவிக்கு 29,400 போதும்.

முதலீட்டு நிறுவனம் பதில் எழுதியது. மரியாதையான கடிதம்தான். நிதிக்கு இது ஆறாவது ஆண்டு. முன்னுரிமையை "ஏதாவது ஒன்று" என்ற வகைக்கு மாற்றித் தருவார்கள். 20 விழுக்காட்டுக்குள் நிற்க மாட்டார்கள்.

இரண்டாம் சுற்று | வெள்ளி, இரவு 11.47

வாழ்த்துகள். ஆனால் ஒன்று: முன்கூட்டிக் கொடுத்த 26 கருவிக்கு இனி ஓராண்டு மாத வாடகை வராது. மாதம் 2,340 குறையும். பழைய கருவிகளை மட்டும் வைத்துப் பார்த்தால், உங்கள் சம்பளமும் தம்பியின் சம்பளமும் போக, மாதம் 566 துண்டு விழும்.

குளிர்ப்பெட்டி | சனி, அதிகாலை 12.05

ஆமாம், அந்த 566ஐ நானும் பார்த்தேன். குழுமம் தவிர்த்த 30 கருவியும் இந்த மாதமே சுவரில் ஏறிவிட்டால், சிம், சர்வர் போக மாதம் 2,340 வந்துவிடும். குழுமத்தின் 40 கருவிக்கு முதல் இரண்டு மாதம் சிம், சர்வர் செலவு மட்டும்தான், மாதம் 480. எல்லாம் போகக் கையில் 1,300க்குக் கொஞ்சம் குறைவு. ஒரு கடை தாமதித்தாலும் இறுக்கம்தான். 19,000ஐ அதற்காகத் தொடாமல் வைத்திருக்கிறேன்.

சிங்கப்பூருக்கு இந்தச் சுற்றில் வேண்டாம் என்று எழுதிவிட்டேன். எழுநூறு பற்றி நீங்கள் கேட்டது மனத்தில் இருக்கிறது. அன்றைக்கு யாரிடமாவது போக வேண்டியிருக்கும். நிதியின் வயதை முதல் நாளே கேட்பேன்.

கணக்கர் | சனி, காலை 7.40

நல்லது. ஒரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். இனிமேல் செய்யப் போகும் சேவைக்கு முன்கூட்டி வாங்கிய பணம், இங்கே வாங்கிய ஆண்டின் வருமானமாகவே வரியில் சேரும். "இன்னும் சேவை செய்யவில்லை" என்று அடுத்த ஆண்டுக்குத் தள்ள முடியாது. 23,400க்கும் ரசீது போட்டு வையுங்கள். குழுமத்தின் 8,000 திருப்பிக் கொடுக்க வேண்டிய வைப்புத்தொகை என்றால், ஒப்பந்தத்தில் அப்படியே எழுதி வாங்குங்கள். ரொக்கமாகக் கொடுத்த எண்ணெய்க் கைக்காரருக்கும் ரசீது உண்டு.

ரவாங் மசாலை | சனி, காலை 8.15

தம்பி, உங்கள் கருவி ஈரப்பதம் பார்க்குமா? மிளகாய் வைக்கும் அறையில் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கிறது.

குளிர்ப்பெட்டி | சனி, காலை 8.21

அதற்கு வேறு உணரி போட வேண்டும் அக்கா, 35 வெள்ளி கூடும். புதன்கிழமை கோலாலம்பூர் வருகிறேன். போகிற வழியில் ரவாங்கில் இறங்கி அறையைப் பார்க்கிறேன். பாதி முன்பணம் எடுத்து வையுங்கள்.